பன்னிரண்டுக்கு அடுத்த மாடி

மார்ச் 4

கேள்வித்தாயாகிய அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். நலமில்லையென்றால் அறிய இன்னும் ஆவல், எழுத விஷயம் கிடைக்குமே.

உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் கத்தரி அண்ணனுக்கும் வணக்கம். அண்ணே, போன கடிதத்தில் நீங்கள் மை பூசி அழித்த இரண்டு வரிகளும் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றியவை. அது எந்தக் கேள்விக்கு விடை என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை ஒழுகுகிறது.

அக்கா, ஒரு சந்தேகம். விடை வெளியே கசியக் கூடாது என்று ஆறு வாரம் போன் இல்லாமல், டிவி இல்லாமல், டிவி வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுகிற உங்கள் ஐந்து பேரையும் பதினாலாவது மாடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். சரி. ஆனால் அங்கிருந்து வருகிற கேள்வி என்ன? "பசுவுக்கு எத்தனை கால்?" இது கசிந்தால் யார் குடி முழுகும்? பசுவுக்கே தெரியும்.

அதைவிட அதிசயம் பதில்கள். போன வாரம் ஒரு பல் டாக்டர். "வளர்ந்த மனிதருக்கு மொத்தம் எத்தனை பல்?" கொஞ்சமும் தயங்காமல் "வர்ற ஆளைப் பொறுத்தது" என்றார். முந்தின வாரம் ஒரு நர்ஸ். "சூரியன் உதிக்கும் நேரத்தை எப்படிச் சொல்வோம்?" "டியூட்டி முடியற நேரம்." அரங்கமே உருண்டது. நானும் உருண்டேன். அப்புறம் எழுந்து உட்கார்ந்து யோசித்தேன். அதெப்படி எல்லாரும் அவரவர் தொழிலிலேயே வழுக்கி விழுகிறார்கள்? யாரோ செருப்பு அளவு பார்த்து வாழைப்பழத் தோல் போடுகிற மாதிரி இருக்கிறது.

நானும் வந்து கலந்துகொள்ளட்டுமா? என் தொழில் குறும்பு. எங்கே, என்னை வழுக்க வை பார்க்கலாம்.

அம்மா உன் தலையணை உறையைத் துவைத்து மாட்டி வைத்திருக்கிறாள், ஆளே இல்லாத தலையணைக்கு. அப்பா ஒரு வாரமாக அதிகம் பேசுவதில்லை. ஊர் லிஃப்டையெல்லாம் சரி பண்ணுகிறவர், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி இருக்கிறார். வேலை அதிகமாம்.

23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு வெடி வைத்திருக்கிறேன். இப்போதே காதைப் பொத்திக்கொள்.

உன் அருமைத் தங்கை,
வாலு


மார்ச் 8

அடி வாலு,

கடிதம் கிடைத்தது. எந்த வரியும் அழிக்கப்படவில்லை. கொடுக்கும்போது கத்தரி அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

நீ இங்கே வழுக்க வர வேண்டாம். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் கலந்துகொள்ளக் கூடாது. தெரியவந்தால் எடுத்த நிகழ்ச்சி மொத்தமும் குப்பைக்கு, எனக்கும் சீட்டுக் கிழிந்துவிடும். வாலைச் சுருட்டி வை.

வாழைப்பழத் தோலைப் பற்றிக் கேட்டாயே. நீ இவ்வளவு கெட்டிக்காரி என்று தெரிந்தால் இங்கே உனக்கு ஒரு மேசை போட்டுவிடுவார்கள். எங்களுக்கு ஆள் யார், பெயர் என்ன, எதுவும் தெரியாது. ஒரு அட்டை வரும். அதில் தொழிலும் வயதும் மட்டும் இருக்கும். முதலில் கேட்கும் சுலபக் கேள்விக்கு வாசல் கேள்வி என்று பெயர். "குழந்தைக்கும் தெரியணும், அந்த ஆளுக்கு மட்டும் தடுக்கணும்" என்பார் தயாரிப்பாளர். கஷ்டமான கேள்வியில் தோற்றால் ஜனங்கள் பரிதாபப்படுவார்களாம், சுலபமான கேள்வியில் தோற்றால்தான் பக்கத்து வீட்டையும் கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். வாசல் கேள்வியில் எனக்குத்தான் நல்ல பெயர்.

போன மாதம் ஒன்று எழுதினேன். தயாரிப்பாளர் எழுந்து நின்று கை தட்டினார். ஒளிபரப்பானதும் சொல்கிறேன், அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தக் கட்டட லிஃப்ட் ஆறாவது மாடியில் இருமுகிறது என்று அவரிடம் சொல். மருந்து எழுதி அனுப்பச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அக்கா,

இந்தக் கடிதத்தில் ஜோக் கிடையாது. இருந்தால் அது தானாக ஒட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிறு முதல் முன்னோட்டம் ஓடுகிறது. ஒரு லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை. "பன்னிரண்டுக்கு அடுத்த எண் என்ன?" என்று கேட்கிறார்கள். அவர் சட்டென்று நிமிர்கிறார். முகம் மலர்கிறது. "பதினாலு!" என்கிறார். அப்படி ஒரு சிரிப்பு, பரிசு கையில் வந்துவிட்ட மாதிரி. அந்தச் சிரிப்பைத்தான் நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கி, பின்னால் கழுதை கத்துகிற சத்தம் சேர்த்துக் காட்டுகிறார்கள். முழு நிகழ்ச்சி 23ஆம் தேதி.

அந்த மெக்கானிக்கை எனக்குத் தெரியும். நம் பக்கத்து வீட்டுக்காரர். நமக்கு ஒரு பக்கம் மாடிப்படி, இன்னொரு பக்கம் வெறும் சுவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி. கத்தரி அண்ணே, உலகத்தில் லிஃப்ட் மெக்கானிக்குகள் ஆயிரம் பேர். நீங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கண் வலிக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற இடமெல்லாம் இதுதான் பேச்சு. "சார், பன்னிரண்டுக்கு மேல போகணும், எதை அமுக்கறது?" அவருடைய உதவியாள் ஸ்பானர் எண்ணும்போது "பதினொண்ணு, பன்னிரண்டு, பதினாலு" என்கிறானாம். அவரும் கூடச் சிரிக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறித்தான் போகிறார். லிஃப்ட் சரி பண்ணப் போகிறவர் லிஃப்டில் ஏறுவதில்லை. ஏறினால் ஆட்கள் இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அணைத்து வைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்கும் எனக்கும் தெரியும். பதிமூன்று ராசியில்லை என்று எத்தனையோ கட்டடங்களில் அந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டுப் பெரிய பெண் ஆறு வயதில் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து அவரோடு மேலும் கீழும் போவாளாம். யாராவது ஒருவர் "பன்னிரண்டுக்கு அப்புறம்?" என்றால் மற்றவர் "பதினாலு!" என்று கத்த வேண்டும். அந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதே ஒரு காலத்தில் அப்படித்தான்.

அவரை அங்கே அனுப்பியது அந்த வீட்டுச் சின்னக் கழுதை. "உங்கள் சொந்தக்காரர் யாராவது எங்களிடம் வேலை செய்கிறார்களா?" என்ற இடத்தில் "இல்லை" என்று டிக் அடித்ததும் அதுதான். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மேடையில் ஒருவர், மாடியில் ஒருத்தி, இருவருக்கும் தெரியாமல் ஒரு கூத்து என்று அதற்கு நினைப்பு. இப்போது அந்தக் கழுதைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கேள்வியை எழுதிய மகராசன் யார் அக்கா? உங்கள் ஐந்து பேரில் ஒருவர்தானே? கண்டுபிடி. அவர் தலையணையில் நான் எறும்பு விட வேண்டும்.

வாலு


மார்ச் 15

வாலு,

எறும்பை என் தலையணையில் விடு. அம்மா துவைத்து வைத்திருக்கிறாளே, அதில்.

அட்டையில் "லிஃப்ட் மெக்கானிக், 52" என்று இருந்தது. இங்கே கீழே சாப்பிட்டுவிட்டு லிஃப்டில் ஏறும்போதெல்லாம் பன்னிரண்டுக்கு மேல் பதினாலு எரிவதைப் பார்க்கிறேன். இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டேன். அந்தத் தொழிலில் ஊறியவர் எங்கே தடுக்குவார் என்று எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து வளர்ந்தவள்தானே. ஆனால் வருகிற ஆள் அவர் என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

23 வரை பொறுத்துக்கொள். அடுத்த வாரம் வேறு யாராவது உளறுவார்கள், இவரை மறந்துவிடுவார்கள். நாம் வாயைத் திறந்தால் எனக்கு வேலை போகும், இந்தத் துறையில் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள். எழுதியது யார் என்று அவரிடம் சொல்லிவிடாதே. உன்னிடம் நான் எதையும் கெஞ்சியதில்லை. இதைக் கெஞ்சுகிறேன்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

பொறுக்கச் சொன்னாய். நான் வகுப்பில் ஐந்து நிமிடம் சும்மா உட்காராதவள். இரண்டு நாளாக நகத்தைக் கடித்து, நகம் தீர்ந்து, பென்சிலைக் கடித்து, இப்போது உன்னைக் கடிக்கிறேன்.

இன்று ஒரு அலுவலகத்தில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே இரண்டு பேர். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்பது மாடி படியேறி, கையாலேயே கதவைத் திறந்து அவர்களை வெளியே எடுத்தார். வெளியே வந்ததும் ஒருவன் சொன்ன முதல் வார்த்தை "டேய், பதினாலு டா!" நன்றி சொல்வதற்கு முன்னால் செல்ஃபி. வீட்டுக்கு வந்து கருவிப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். தள்ளிய வேகத்தைப் பார்த்தால் அது திரும்ப வெளியே வருகிற மாதிரி தெரியவில்லை.

அதோடு போகவில்லை. உங்கள் ஆட்கள் போன் பண்ணினார்கள். ஞாயிறு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு சிறப்பு நிகழ்ச்சியாம், இந்த வருடத்து உளறல் மன்னர்களையெல்லாம் வரிசையாக உட்கார வைப்பார்களாம். இவருக்கு "14" என்று எழுதிய தொப்பி. வருவீர்களா என்றார்கள். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டுகிறேன், வேண்டாம் என்று. அவர் "சரிங்க, வர்றேன்" என்றார்.

"ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"அங்க நமக்கு வேண்டிய பொண்ணு ஒருத்தி வேலை செய்யறா. நான் மாட்டேன்னா அவளுக்கு ஏதாவது தொந்தரவு வரும்."

"அவளுக்கு ஒரு தொந்தரவும் வராது!"

"உனக்கு என்ன தெரியும்? அவ வரட்டும். அவகிட்ட ஒண்ணு கேக்கணும்."

என்ன கேட்க வேண்டும் என்றால் சொல்லவில்லை.

தொப்பி அளவு கேட்டிருக்கிறார்கள், அக்கா. அம்மா தையல் நாடாவால் அவர் தலையை அளந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு எதற்கென்று இன்னும் தெரியாது.

வாலு


மார்ச் 19

என் அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் படிக்கப்போகும் அண்ணனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணே, லிஃப்ட் மெக்கானிக் என் அப்பா. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை, அங்கே இருப்பது சுவர். விண்ணப்பத்தில் பொய் டிக் போட்டது என் தங்கை, அவளுக்குப் பதினாறு வயது. அப்பாவுக்கு விதி தெரியாது. வாசல் கேள்வியை எழுதியது நான். 15ஆம் தேதி உண்மை தெரிந்தும் மறைத்தது நான். உங்களுக்கும் முன்பே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், நேற்று டீ கொடுத்தபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதை இப்போதே மேலே கொண்டுபோய்க் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கொடுக்க வேண்டும். விதிப்படி அந்த நிகழ்ச்சி செல்லாது, முன்னோட்டமும் செல்லாது, தொப்பியும் செல்லாது. பிறகு தங்கைக்கு அனுப்பி வையுங்கள்.

வாலு, இதை அப்பாவிடம் படித்துக் காட்டு. எதையும் விடாதே. அவர் என்று தெரியாமல் எழுதினேன் என்பதையும், ஏதோ ஒரு மெக்கானிக் தடுக்கி விழட்டும் என்றுதான் எழுதினேன் என்பதையும் படி. அவர் சொல்லிக் கொடுத்த விளையாட்டை எடுத்து யாரோ ஒருவர் காலில் போட்டேன். யாரோ ஒருவராக இருந்திருந்தால் இந்நேரம் நானும் சிரித்துக்கொண்டிருப்பேன். அதுதான் தூங்க விடாமல் அரிக்கிறது, எறும்பு எதுவும் விடாமலே.

அக்கா


மார்ச் 22

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. கத்தரி அண்ணன் ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை. நேற்று மாலையிலிருந்து முன்னோட்டமும் வரவில்லை, அந்த இடத்தில் சோப்பு விளம்பரம் வருகிறது. ஞாயிறு பத்து மணிக்குள் நீ அறையைக் காலி செய்ய வேண்டுமாம், போனில் சொன்னார்கள். குரல் கறாராக இருந்தது.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். "அவர் என்று தெரியாமல் எழுதினேன்" என்ற இடத்தில் என்னை நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அப்போ நான்னு தெரியாமதான் கேட்டாளா?"

அவ்வளவுதான் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அக்கா. அந்தச் சிரிப்பு. மேடையில் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும், பெண் எங்கேயோ மறைந்து நின்று அப்பாவோடு விளையாடுகிறாள் என்று நினைத்திருக்கிறார். நீ கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? ஊரே சிரித்தபோதும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் உன் வேலைக்கு ஆபத்து என்று. உன்னிடம் கேட்க வைத்திருந்தது அதைத்தான். "ஞாபகம் வெச்சுதானே கேட்டே?" என்று.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "உனக்குத் தனியா இருக்கு, வரிசைல நில்லு" என்றார். நிற்கிறேன்.

இன்று காலை கருவிப்பெட்டியை வெளியே இழுத்தார். எண்ணெய்க் குப்பியை ஆட்டிப் பார்த்தார். "அந்த லிஃப்ட் எந்த மாடியில இருமுதுன்னு எழுதியிருந்தா?" ஆறு என்றேன். "நாளைக்குப் போய் அதையும் பார்த்துட்டு, அவளையும் கூட்டிட்டு வர்றேன்." கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது, முகம் இன்னும் நடுமாடியில்தான் நிற்கிறது.

இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. இந்த முறை கத்தரி அவர்தான்.

நீ எந்த மாடியில் இருக்கிறாய் என்று கேட்டார். பதினாலு என்றேன். சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டே சொன்னார்:

"பட்டன்ல பதினாலு. எண்ணிப் பார்த்தா பதிமூணு. எனக்கு ரெண்டும் தெரியும்னு அவகிட்ட எழுது."

எழுதிவிட்டேன்.

வரிசையில் நிற்கும்,
வாலு