பர்மிட் முடிவதற்குள் கொழும்பு

9 டிசம்பர் 1957, கொடைக்கானல்

வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதி வைக்கிறேன். இன்று கடைத்தெருவில் முக்காடு போட்ட ஒரு பெண்ணிடம், "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றேன். "அத்தா, நான்தான்" என்றாள் என் மகள். ஊருக்கு வந்து பத்து நாளாகியும் அவள் உயரம் எனக்குப் பழகவில்லை.

வீட்டில் என் மனைவி பாத்திமா பிடித்துக்கொண்டாள். "பெத்த பிள்ளை முகமே மறந்துபோச்சு. இன்னும் கொழும்புல என்னங்க சோலி?"

"நான் கிண்டாட்டி அங்க அல்வா இனிக்காது புள்ள" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கொழும்பில் நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டு வருஷக்கணக்காகிறது. முடிவு வரும்வரை வேலை செய்யத் தற்காலிக பர்மிட் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் என் முதலாளியின் அல்வாக் கடையில் மட்டும்தான். இந்த வாரத்துக்குள் போய் நிற்காவிட்டால் பர்மிட்டும் போச்சு, மனுவும் போச்சு. இங்கேயே இருந்தால் அடுப்பெரியாது. அங்கேயே இருந்தால்... அதை எழுதுவானேன்.

"நாளைக்கு வெள்ளனே முதல் பஸ்சுக்குக் கெளம்பணும்" என்றேன். அவள் கொல்லைப்பக்கம் போனாள்.

நான் வெந்நீரில் குளித்துவிட்டு வருவதற்குள் என் சட்டை, கைலி அத்தனையையும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள். இந்தப் பனியில் மூன்று நாளைக்குக் காயாது. அவளுடைய சேலையைச் சுற்றிக்கொண்டு இதை எழுதுகிறேன்.