மாரில் இருந்த காய்ப்பு

இன்று பனையில் உரசி மார்புத் தோல் பெயர்ந்துவிட்டது. வீட்டுக்காரி டிங்சர் போட்டுவிட்டாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், என்னோடு பனையேறிய நீ ஆசுபத்திரி வராந்தாவில் சட்டையில்லாமல் நின்றது ஞாபகம் வந்தது. போய்ச் சேர்ந்தவனுக்கு எழுதுவது கிறுக்குத்தனம்தான். ஆனால் வேறு யாரிடம் கேட்பது?

மரத்தில் உரசி உரசிப் பனையேறிகள் எல்லோருக்கும் மாரில் தோல் தடித்துக் காய்ப்பு உண்டு. உன் காய்ப்பின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவில் ஒன்று கிளம்பியபோது யார் கவலைப்பட்டது? “ரெண்டு பனை கூட ஏறுனா இதும் பழகிரும் மக்கா” என்று நீயே சிரித்தாய். அது நெல்லிக்காயாகிச் சிவந்த பிறகுதான் மிஷன் ஆசுபத்திரிக்குப் போனோம். டாக்டர் கட்டியை எடுத்தார். அடுத்த வருடமே அது அதே இடத்தில் பெரிதாக வந்து உட்கார்ந்தது.

இந்தத் தடவை அதில் ஒரு துண்டைக் குப்பியில் போட்டுப் பரிசோதிக்கத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். பதில் வந்ததும் டாக்டர் நம்மை உட்காரவைத்துச் சொன்னார்.

“புற்றுதான். தோலில் அபூர்வமா வரக்கூடியது, நானே இப்பதான் பாக்கேன். மெதுவாத்தான் வளரும், வேற எடத்துக்கு அதிகமா போகாது. ஆனா அடியில வேர் ஓடியிருக்கும். சுத்தியுள்ள நல்ல தோலையும் சதையையும் சேத்து எடுக்கணும். பிறகு பனை ஏறப்படாது.”

வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டாய். பிறகு கேட்டாய்: “புற்றுண்ணும் சொல்லுகாரு, மெதுவா வளரும்ணும் சொல்லுகாரு. நல்ல தோல எதுக்குல வெட்டணும்? ஒனக்கு வல்லதும் வெளங்கிச்சா?”

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. உன் நாலு பிள்ளைகளுக்கும் கஞ்சி அந்தப் பனையிலிருந்துதான் இறங்கியது.

“இந்தப் பனைக்காலம் கழியட்டு” என்றாய்.

பதநீர் இறங்கும் அந்தப் பனைக்காலம் கழிந்தது, அடுத்ததும் அதற்கடுத்ததும் கழிந்தன. மறுபடி போனபோது கட்டி நெஞ்செலும்பைப் பிடித்திருந்தது. இனி வெட்டிப் பயனில்லை என்று டாக்டர் கத்தியை எடுக்கவே இல்லை.

முதலிலேயே அகலமாக வெட்டியிருந்தால் உயிரோடு இருந்திருப்பாய் என்கிறார்கள். இருந்திருக்கலாம். ஆனால் பனையடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் உன்னை என்னால் நினைக்க முடியவில்லை. அப்போதே உன்னை ஆசுபத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டுமா? ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது.

டிங்சர் காய்ந்ததும் என் காய்ப்பின் ஓரத்தை அமுக்கிப் பார்த்தேன். அங்கே ஒன்று தடித்திருக்கிறது. எப்போதும் இருப்பதுதானா, புதிதா, தெரியவில்லை.

“என்னத்தத் தடவிப் பாக்குதிய?” என்றாள் இவள்.

“ஒண்ணுமில்ல. வலிக்கல” என்றேன்.

உனக்கும் வலிக்கவில்லை.