முன்வாசல் புல்லுக்கு ஒரு லாரி

9.2.2004, திங்கள்

இன்றிலிருந்து விடுதியில் ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணீர்தான். போன வாரம் வரை இரண்டு. காரணம் வறட்சி இல்லை, புல்.

முதலாளி வேல்குமார் பனியன் கம்பெனி முன்வாசலில் அரை ஏக்கருக்குப் புல்தரை பதித்திருக்கிறார். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்து இறங்கும்போது பச்சையாக இருக்க வேண்டுமாம். கோயம்புத்தூரிலிருந்து வந்த தோட்ட ஆலோசகர், போட்ட கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, இது அதிகம் தண்ணீர் கேட்காத புல், பராமரிப்பே வேண்டாம் என்றார். கிளம்பும்போது மெதுவாக, வேர் பிடிக்கும் வரை மூன்று மாதம் மட்டும் தினம் ஒரு லாரித் தண்ணீர் விடுங்கள் என்றார். முதலாளி தலையாட்டினார். பனியனில் ஒரு தையல் விட்டிருந்தால் கண்டுபிடிக்கிற மனுஷன்!

தினம் வருவதே இரண்டு லாரி. இரண்டும் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் நூற்று நாற்பது பெண்களுக்கு. வார்டன் என்ற முறையில் போய்க் கேட்டேன்.

"ஒரு பக்கெட் போதுமுங்க, வார்டனம்மா. பையர் ஆர்டர் குடுத்தாத்தானுங்க அவங்களுக்கே வேலை."

எவ்வளவு மரியாதை. அந்த 'ங்க'வை வைத்து யாரும் குளிக்க முடியாது.

17.2.2004

ஜோதிகா ஷிப்ட் முடிந்து தலை நிறையப் பஞ்சோடு வந்தாள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண், இன்னும் பதினெட்டு முடியவில்லை. மாதவிலக்கு வேறு. "அக்கா, இந்த ஒரு பக்கெட்ல நா எதக் கழுவ?" என்றாள். என் பக்கெட்டைக் கொடுத்தேன். மீதி நூற்று முப்பத்தொன்பது பேருக்கு என்ன செய்வது?

3.3.2004

'புல்லை மிதிக்காதீர்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, பெண்களை மிதிப்பதற்குத் தடை இல்லை.

19.3.2004

விடுதியின் கழுவுநீர் வாய்க்காலில் அருகம்புல் கேட்பாரில்லாமல் பச்சைப்பசேலென்று கிடக்கிறது. அதை வெட்டி முன்னால் நட்டால் போதுமே என்று தோட்டக்காரர் பொங்கியண்ணன் முதலாளியிடம் சொன்னாராம். ஆட்டுக்குப் போடுகிற புல்லையா பையருக்குக் காட்டுவது என்று கேட்டாராம் அந்த மேதை.

5.4.2004

நான்கு நாளாக ஒரே லாரிதான் வருகிறது. அதை எங்களுக்கே விட்டதும் முதலாளிக்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். நானும் ஒரு முட்டாள். சாயப்பட்டறையில் சுத்திகரித்த தண்ணீரைப் புல்லுக்குத் திருப்பியிருக்கிறார். பார்க்கத் தெளிவாக இருக்கிறது, நாக்கில் வைத்தால் கடல். உப்புத் தண்ணீர் என்று பொங்கியண்ணன் எவ்வளவோ சொன்னார். சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுகிற பரம்பரை, அவரிடம் உப்பைப் பற்றிச் சொல்ல முடியுமா?

12.4.2004

இரண்டு லாரியும் வரத் தொடங்கிவிட்டன. ஒன்று மறுபடி புல்லுக்கு. ஆனால் புல் வைக்கோலாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பையர் வருகிறார். முதலாளி வாசலில் நின்று அழாத குறை. சத்தியமாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

15.4.2004

இதை எழுதி வைக்காவிட்டால் பின்னால் நானே நம்ப மாட்டேன். புல்லுக்குச் சாயம் அடிக்கிறார்கள்.

வேல்குமார் நேற்று சாய மாஸ்டர் மொக்கைச்சாமியைக் கூப்பிட்டு, பச்சை வேண்டும் என்றார். மொக்கைச்சாமி மதுரைக்காரர், தொழிலில் சுத்தம். "மொதலாளி, பருத்தின்னா கண்ண மூடிக்கிட்டுப் போட்டுருவேன். இதுக்கு எந்தக் கணக்குல போட?" என்று கேட்டாராம். பிறகு நான்கு வகைப் பச்சையைக் கலக்கி, முதலாளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மருந்தடிக்கிற பம்பில் அடித்தார்கள். துணிக்குச் செய்கிற மாதிரியே சாம்பிள் அப்ரூவல் எல்லாம் நடந்தது.

16.4.2004

பையர் அம்மாள் வந்தார். படம் எடுத்தார். கீழே குனியவில்லை. தண்ணீர் சிக்கனமான புல் என்று முதலாளி சொன்னதைக் குறித்துக்கொண்டார். அவர் சொன்னது பொய்கூட இல்லை, செத்த புல்லைவிடச் சிக்கனமான புல் எங்கே இருக்கிறது? அம்மாளின் வெள்ளை ஷூ ஓரமெல்லாம் பச்சை. அதைப் புல்வெளியின் அழகு என்று நினைத்திருப்பார். ஆர்டர் உறுதி.

19.4.2004

லாரிக்காரரிடம், முன்னால் வேண்டாம், இரண்டையும் பின்னால் விடுதிக்கே விடுங்கள் என்றேன். யாரும் தடுக்கவில்லை. மறுபடி ஆளுக்கு இரண்டு பக்கெட்.

8.5.2004

கோடை மழை. நல்ல மழை.

14.5.2004

மழை உப்பைக் கழுவிவிட்டது போலிருக்கிறது. சாயத்துக்கு நடுவில் அங்கங்கே நிஜப் பச்சை. வேல்குமார் குழந்தை பிறந்தது போல எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "திங்கக்கெழமையிலிருந்து ஒரு லாரிய பழையபடி முன்னாடி விட்டுருங்க, வார்டனம்மா." சரிங்க என்றேன்.

சரிங்க என்றுதானே சொன்னேன்! இத்தனை மாதம் ஊரையெல்லாம் கேவலமாக எழுதினேனே, என்னை எதில் சேர்ப்பது?

16.5.2004, ஞாயிறு

விடிந்ததும் சாயப்பட்டறைக்குப் போனேன். விடுமுறை, யாரும் இல்லை. அரை மூட்டை உப்பு.

துளிர் துளிராகத் தேடிப் போட்டேன். பச்சையாக இருந்ததைக் கொல்வது பாவம்தான். போட்டேன்.

24.5.2004

எல்லாம் கருகிவிட்டது. மண் சரியில்லை என்று ஆலோசகர் போனிலேயே கண்டுபிடித்துவிட்டார். பையர் வரும்போதெல்லாம் சாயம் அடித்தால் போதும் என்று மொக்கைச்சாமியிடம் சொல்லியாகிவிட்டது. லாரி இரண்டும் பின்பக்கம் வந்தன.

சாயங்காலம் பொங்கியண்ணன் துடைப்பத்தோடு விடுதி வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"அம்மிணி, அடுத்த தடவ கரைச்சு ஊத்துங்க. கல்லு கல்லா கண்ணுல படுதுங்க. கூட்டி அள்ளிட்டேன்."

ஜோதிகா இன்று தலைக்குக் குளித்தாள்.