எண்ணி விட்ட மூச்சு

என்னை அக்கா என்று அழைக்க வேறு யாரையும் மிச்சம் வைக்காமல் போய்விட்ட என் தம்பி முருகேசனுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. இந்தப் பருவம் காய் நன்றாகப் பிடித்திருப்பதாக உன் மனைவி செல்வி சொல்கிறாள். வரும் வியாழக்கிழமை எனக்கும் தேனியில் இதயப் பரிசோதனை. நினைத்தாலே இப்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உனக்கும் இப்படித்தானே இருந்தது?

உன் பரிசோதனை நாளன்று மருத்துவரின் அறைக்கு வெளியே உட்காருவதும் எழுவதுமாக இருந்தாய். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் சும்மா இருப்பேனா? மூச்சை இழுக்கையில் இதயம் சற்று விரையும், விடுகையில் தணியும். ஆகவே நான்கு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு என்றேன்.

“ஏக்கா, நாலு வாங்கி எட்டு குடுத்தா யாவாரம் எப்படி வெளங்கும்?” என்றாய். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் எண்ணினாய். நான் கொண்டுவந்து உன் விரலில் மாட்டிய நாடித்துடிப்புக் கருவியில் நூற்றுப் பதினான்கு மெல்ல இறங்கி எண்பத்தெட்டில் நின்றது. இவ்வளவு நல்ல மாணவன் எனக்கு வாய்த்ததே இல்லை.

உள்ளே மருத்துவர், வேலை செய்யும்போது படபடப்போ மூச்சு வாங்கலோ உண்டா என்று கேட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா” என்றாய். திராட்சைக்கு மருந்தடிக்கும் நாட்களில் மூச்சு வாங்கி, பந்தலின் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று அன்று காலை அனுமந்தன்பட்டிப் பேருந்தில்தான் என்னிடம் சொல்லியிருந்தாய். மருத்துவர் என்னைப் பார்த்தார். நீ சொன்னது சரிதான் என்று நானும் தலையாட்டினேன். இறங்கிய எண்ணில் அவ்வளவு பெருமை எனக்கு. தணிந்தது காத்திருக்கும் பயம் மட்டுமே என்பது விலங்கியல் படித்தவளுக்குத் தெரியாததா?

இரண்டாம் வாரம் பந்தலடியில் விழுந்தாய். நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கல்தூணைப் பற்றித் தெரியாது.

நேற்றுத்தான் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு, வியாழக்கிழமை தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

“மதினி, அங்கன போயி எண்ணிக்கிட்டு உக்காந்திராதீக. அவுக எண்ணுனது போதும்.”

எண்ண மாட்டேன், முருகேசா. நெஞ்சு எப்படி அடிக்கிறதோ அப்படியே அடிக்கட்டும். என் அல்லிநகரத்து வீட்டின் மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் ஏறுகிறேன் என்பதை, மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

அன்று வாய் திறக்காத உன் அக்கா,
சரோஜா