ஒரு மணி அடித்து நின்றால்

திண்டுக்கல்
7.9.2008, ஞாயிறு

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு, அப்பா சடையாண்டி தன் சொந்தக் கையாலேயே எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள் வாங்கியும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. 'ழ' போட்டால் வால் கீழ் வரியில் போய் இடிக்கிறது. காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்தேன், இப்போது வெயில் தெருவைத் தாண்டிவிட்டது. ஆனாலும் யாரிடமும் சொல்லி எழுதிக்கொள்ளவில்லை அம்மா. எல்லாம் என் எழுத்து. வளர்கல்வி மையத்து நர்கீஸ் டீச்சர், "தாத்தா, பேனாவ ஸ்பேனர் மாதிரி இறுக்காதீங்க, அது எங்கயும் ஓடிறாது" என்று சிரிக்கும். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நின்று போர்டு எல்லாம் வாசித்தேன். நத்தம், வேடசந்தூர், பாலசமுத்திரம். எங்கேயும் போகிற வேலை இல்லை, வாசிக்கத்தான் நின்றேன். உன் அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

நீ ஆடிக்கு வந்தபோது வாங்கித் தந்த செல் நன்றாக இருக்கிறது. ஆனால் அது பாதி நேரம் கடைக்கு உழைக்கிறது. எங்கள் மோட்டார் ரிப்பேர் வேலை உனக்குத் தெரியும். கிறிஸ்துராஜ் கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைப் பார்ப்பான். நான் தூரத்தில் மோட்டார் கொட்டகையில் மெயின் சுவிட்சுப் பக்கம் நிற்பேன். முன்பெல்லாம் கிணற்று மேட்டில் காமராஜ் நிற்பான். கீழே இருந்து இவன் குரல் கொடுப்பான், அவன் துண்டை வீசுவான், நான் கைப்பிடியை ஏற்றுவேன். ஆனந்த்ராஜ் முதலாளி இப்போது, "ஆளாளுக்குச் செல் இருக்கு, மேட்டுல ஒரு ஆளு எதுக்கு?" என்று காமராஜை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். கிறிஸ்துராஜ் கிணற்றுக்குள் டவர் கிடைக்கிற பாறையாகப் பார்த்து நின்று, தன் செல்லில் இருந்து என் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். ஒரு மணி அடித்து நின்றால் நான் கரண்டு போட வேண்டும். எடுத்துப் பேசினால் காசு போகும் அல்லவா.

வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் அது முதல் எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கைப்பிடியை ஏற்றும்போதெல்லாம், கீழே இருக்கிற ஆளை நான் பார்க்கவில்லையே என்று தோன்றும்.  யாரிடமும் சொல்வதில்லை. வயசாகிவிட்டது, வேலைக்கு ஆக மாட்டார் என்பார்கள்.

சாயங்காலம் நீ வேலை விட்டதும் 'சுகமாக இருக்கிறேன்' என்று கொடுக்கிற மிஸ்டு கால்தான் எனக்கு மருந்து. அந்த மணியைக் கேட்டால் அன்றைய பயம் இறங்கிவிடும். மத்தியானம் சாப்பிட்டதும் இன்னொன்று கொடுத்தால் என்ன? ஒரு மணிக்கு நாங்களும் சாப்பிட ஏறிவிடுவோம். வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

மருமகனுக்கும் பேரன் ரோஹித்துக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
பெ. சடையாண்டி
(கைநாட்டு இல்லை, பார்)


திருப்பூர்
14.9.2008

என் அன்பான அப்பாவுக்கு,

தபால்காரர் கொடுத்த உறையைப் பார்த்து, ரோஹித்தின் சிநேகிதன் யாரோ எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். கடைசியில் உங்கள் பெயரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் மருமகன், "மாமா இன்னொரு லெட்டர் போட்டா நாம பட்டினிதான்" என்றார். ரோஹித் உங்கள் 'ழ'வைப் பார்த்து, தாத்தா என்னைவிட மோசம் என்று ரொம்பச் சந்தோஷப்பட்டான்.

அப்பா, ஊருக்கு ஒரு நியாயம் போல. எங்கள் பனியன் கம்பெனியில் சொந்தச் செல்லை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் திருப்பித் தருவார்கள். உங்களுக்கோ, சொந்தச் செல் இருந்தால்தான் வேலையே நடக்கிறது. கடைக்கென்று ஏதாவது வாங்கித் தரும்படி முதலாளியிடம் பதமாகக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று வாசித்தது எனக்குப் புதிதாக இருக்கிறது. பேச்சில் ஒரு நாளும் சொன்னதில்லையே. எழுத்தில் வந்துவிட்டது. இங்கே வந்துவிடுங்கள் என்றால் கேட்க மாட்டீர்கள். சரி, நாளை முதல் மத்தியானமும் ஒரு மணி அடிக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டு தெம்பாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
அறிவு


திண்டுக்கல்
24.9.2008

தாயீ அறிவு,

இந்தத் தடவை எழுத்து கோணியிருந்தால், அது பழகாத கையால் இல்லை. கை நடுங்குகிறது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்புக் கிணற்றுக்குப் போனோம். மோட்டாருக்குப் போகிற வயர் நடுவில் வெந்துபோயிருந்தது. கிறிஸ்துராஜ் இறங்கினான். நான் மெயினை இறக்கிவிட்டுக் கொட்டகையில் நின்றேன். சாப்பாட்டு நேரம் வந்தது. அவன் ஏறவில்லை, முடித்துவிட்டே சாப்பிடலாம் என்று இருந்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. நேரத்தையும் நான் பார்க்கவில்லை. சட்டைப் பையில் ஒரு மணி அடித்து நின்றது.

யார் அடித்தது என்று நான் பார்க்கவில்லை அம்மா. பார்த்தாலும் பெயர் இங்கிலீஷில் வருகிறது. நான் படித்தது தமிழ் எழுத்து. ஒரு மணி அடித்து நின்றால் கரண்டு போட வேண்டும். போட்டேன்.

மோட்டார் ஓடவில்லை. மீட்டர் பக்கத்துப் பல்பைப் பார்த்தால் அதுவும் எரியவில்லை. இப்போதுதான் தினமும் கண்ட நேரத்தில் கரண்டை நிறுத்துகிறார்களே, அதுதான் என்று தெரிந்தது. அவனிடம் சொல்லலாம் என்று கிணற்றடிக்குப் போனேன். கைப்பிடி ஏற்றினபடியே இருந்தது.

எட்டிப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நிற்கிறான். தோல் உரித்த செம்புக் கம்பி ஒன்று கையில், ஒன்று பல்லில். செல் பாறை மேல் துண்டுக்குள் சுருட்டி இருக்கிறது. அவன் அதைத் தொடவே இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, பல்லில் கம்பியோடேயே சொன்னான்:

"என்னண்ணே, பசிக்குதா? செத்த இருங்க, இந்தா முடிஞ்சிருச்சு."

அந்தத் தோப்பில் மாட்டியிருப்பது ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்டு திரும்பி வந்த நிமிஷம் தானாக எடுத்துக்கொள்ளும், யாரும் போய்ப் போட வேண்டாம்.  'விடுலே' என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை, ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் போக, மாமர வேர் தட்டி ஒரு தடவை விழுந்து எழுந்து ஓடினேன். கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்து இறக்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். ஒரு பீடி பற்ற வைக்கலாம் என்று தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பல்பு எரிந்தது.

ஊரே கரண்டுக்காரனைத் திட்டுகிறது. நான் அந்தப் பல்பைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அது உன் மணி அம்மா. அறிவு, சொல்லிவிடுகிறேன், உன் மேல் குற்றம் இல்லை. கேட்டு வாங்கினது நான். இனிமேல் எனக்கு மிஸ்டு கால் கொடுக்காதே.

முதலாளியிடம் பட்டும் படாமலும் சொன்னேன். "மகள அடிக்க வேணாம்னு சொல்லுங்க, தீந்துச்சு" என்றார். தீரவில்லை. மறுநாள் அகரத்தில் வேறு ஒரு மணி அடித்தது. ராங் நம்பரோ, செல் கம்பெனிக்காரன் பாட்டு விற்கிறதோ தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு கிறிஸ்துராஜ் நிஜமாகவே அடித்தபோதும் கை போகவில்லை. அவன் மேலே ஏறி வந்து, "தூங்கிட்டீங்களா பெருசு?" என்று கேலி பண்ணினான்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் அவன் வீட்டு வெஞ்சனத்தில் பாதியை என் தூக்குச் சட்டியில் போடுகிறான். அதைத் தின்றுவிட்டு, அவன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நாளைக்கும் இறங்குவான்.

அப்பா
சடையாண்டி


திருப்பூர்
29.9.2008

அப்பா,

கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கம்பெனி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். பக்கத்தில் இருந்த அக்கா, "யாருக்குடி தினமும் மிஸ்டு காலு?" என்று கேட்டாள். எங்க அப்பாவுக்கு என்று சிரித்துக்கொண்டே அழுத்தினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. இங்கே இருந்து ஒரு விரல். அங்கே ஒரு மனுஷன் பல்லில் கம்பியோடு.

ஏன் அடிக்கச் சொன்னீர்கள் என்று உங்கள் மேல் கோபமும் வருகிறது. நியாயம் இல்லை, தெரியும். ஆனாலும் வருகிறது.

உங்கள் நம்பரை என் செல்லில் இருந்து அழித்துவிட்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும் கட்டை விரல் தானாக அங்கே போகிறது அப்பா, அதனால்தான். இனி சாயங்காலமும் அடிக்க மாட்டேன். என்னால் முடியாது.

கிறிஸ்துராஜ் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். கிணற்றில் இறங்குகிறவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அவர் என்ன பேசினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாமல் எனக்கு வேறு எதையும் எழுத வேண்டாம்.

அறிவு


திண்டுக்கல்
12.10.2008, ஞாயிறு

அன்பு மகளுக்கு அப்பா.

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, வண்டியில் ஏறும் முன்பே கிறிஸ்துராஜை நிறுத்திச் சொன்னேன். பல்பு எரிந்தது வரைக்கும் சொன்னேன்.  கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அன்று முழுக்கப் பேச்சில்லை, வெஞ்சனமும் இல்லை. கிணற்றிலும் இறங்கவில்லை, உடம்பு சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு இருந்த பயம், மாந்தோப்பில் ஓடினபோது இருந்ததைவிடப் பெரிது. இந்த ஆளுக்கு இனி என் முகத்தில் முழிக்கப் பிடிக்காது என்று நினைத்தேன்.

மறுநாள் வந்தான். பாலசமுத்திரத்தில் ஒரு தென்னந்தோப்புக் கிணறு. நேராகக் கொட்டகைக்குள் போனான், மெயினை இறக்கினான், பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டான். பிறகுதான் என்னிடம் பேசினான். "இனிமே யாரு மணி அடிச்சாலும் நீங்க பயப்பட வேணாம்ணே. உசுரு என் பையில இருக்கு."

கட்டை இல்லாமல் எந்தக் கைப்பிடியை ஏற்றினாலும் கீழே கரண்டு போகாது. வேலை முடிந்து அவனே ஏறி வந்து, கட்டையை என் கையில் கொடுத்தான். நான் சொருகினேன். அதற்கு ஏறி இறங்க நேரம் பிடிக்கிறது. முன்பு போல நாலு கிணறு பார்க்க முடியவில்லை. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

புதன்கிழமை கடையில் ஆயுத பூசை. ஸ்பேனர், சுத்தியல், செயின் பிளாக் எல்லாம் கழுவிச் சந்தனம் வைத்து அடுக்கியிருந்தது. முதலாளி, "உங்க செல்லையும் வைங்கப்பா, அதுந்தான் இப்ப நமக்கு ஆயுதம்" என்றார். காமராஜ் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். என் முறை வந்தது. நான் வைக்கவில்லை.

"இது ஆயுதம் இல்லீங்க மொதலாளி," என்றேன். "எம் மக சுகமா இருக்கான்னு தெரிஞ்சுக்க வாங்கிக் குடுத்தது."

இவ்வளவு நாள் அவர் முன்னால் நான் இப்படிப் பேசினதில்லை.  அவர் முகம் சிவந்துவிட்டது. பெரியவர்களே இப்படி ஆரம்பித்தால் கடை எப்படி நடக்கும், கஷ்டமாக இருந்தால் வீட்டில் ஓய்வெடுக்கலாமே என்றார். அப்போது கிறிஸ்துராஜ் தட்டில் இருந்த தன் செல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டான். எடுத்த இடத்தில் ஒரு பழைய ஃபியூஸ் கட்டையை வைத்து, அவனே அதற்குச் சந்தனமும் வைத்தான்.  பூசாரி தேங்காயை உடைத்தார்.

முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மேட்டுக்குக் காமராஜைத் திருப்பித் தரவும் இல்லை. தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார். என்ன பார்ப்பார் என்று தெரியவில்லை. கிறிஸ்துராஜ், அண்ணன் நின்றால்தான் நான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டானாம். எனக்கு அது பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

இன்னொன்று. ஒரு தகரத்தில் பெயிண்டால் நானே எழுதி, மெயின் சுவிட்சில் தொங்க விடுகிறேன். 'கிணற்றுக்குள் ஆள். தொடாதே.' ஒன்றும் நேராக இல்லை. அன்றைக்கு ஒரு தோட்டக்காரர் கொட்டகைக்குள் வந்து கைப்பிடியில் கை வைக்கப் போனவர், அதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். என் எழுத்தை வாசித்து ஒரு மனுஷன் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன் அம்மா. நர்கீஸ் டீச்சரிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டது.

வேலை நேரத்தில் செல்லை அணைத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்ததும் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். இது வரைக்கும் அடிக்கவில்லை. நம்பரை அழித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதனால் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், என் கையால். 7 என்பது 1 போலத் தெரிந்தால் 7 என்றே எடுத்துக்கொள். அடிப்பதானால் மிஸ்டு கால் வேண்டாம். முழுசாக அடி, நான் எடுக்கிற வரைக்கும் அடி. காசு போனால் போகட்டும். உன் குரலைக் கேட்டுவிட்டால் கை நடுங்குவது நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். உன் மணி வந்தாலும் வராவிட்டாலும், வருகிற ஞாயிறு வெயில் தெருவைத் தாண்டுவதற்குள் இன்னொரு தாள் எழுதி உனக்குப் போட்டிருப்பேன். 'ழ'வை அதற்குள் கொஞ்சம் அடக்கிவிடுகிறேன் என்று ரோஹித்திடம் சொல்.

உன் அப்பா
பெ. சடையாண்டி