நூற்று அறுபது சட்டைகளும் ஒரு கிழட்டு லேப்டாப்பும்

மார்ச் 4, திங்கள்

லேப்டாப் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பொத்தானை அழுத்தினால் நீல விளக்கு எரிகிறது, உள்ளே காற்றாடி இரண்டு சுற்று சுற்றுகிறது, அவ்வளவுதான், அணைந்துவிடுகிறது. காலையிலிருந்து இதே கதை. மருத்துவமனை ஊழியர்களின் நூற்று அறுபது சட்டைகள் மூட்டையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சின்னமும் பெயரும் போட வேண்டும். எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைனை அனுப்ப இந்தக் கிழத்தை விட்டால் வேறு இல்லை. பதினைந்தாம் தேதி கொடுத்தாக வேண்டும்.

மார்ச் 5

சார்ஜரை மாற்றினேன். பிளக் பாயின்ட்டை மாற்றினேன். இவர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, பேட்டரியைக் கழற்றி, பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ம்ஹூம்.

"கொஞ்சம் சூடு தணியட்டும்" என்கிறார். சூடெல்லாம் என் தலையில்தான் இருக்கிறது.

மார்ச் 6

பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "போர்டு போச்சும்மா. புதுசா வாங்கிடுங்க."

"கழட்டியே பாக்கலையே?"

"கழட்ட என்ன இருக்கு? வயசைப் பாத்தாலே தெரியுதே."

யாரைச் சொன்னாரோ. எங்கள் டிசைன் மென்பொருள் புதியதில் ஓடாது, அதைச் செய்த கம்பெனியையும் மூடிவிட்டார்கள் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன், காய்ச்சல்காரப் பிள்ளையைக் கூட்டி வருகிற மாதிரி.

மார்ச் 7

இன்றும் இல்லை. ஆத்திரத்தில் மூடியை அறைந்து சாத்தினேன். அப்புறம் விரிசல் விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். வெட்கக்கேடு.

மார்ச் 8

சாப்பிடும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். "தங்கச்சிக்கு ஒரு போன் போட்டா என்ன? அவளுக்குத்தானே அதோட நாடி தெரியும்."

எரிந்து விழுந்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

நாத்தனார் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் எட்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த நோட்டிலாவது உள்ளதை எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள்? அவள் போன அன்றைக்கு மருத்துவமனை ஸ்டோர் மேலாளர் வந்திருந்தார். சின்னத்தைத் தடவிப் பார்த்து, யார் வரைந்தது என்று கேட்டார். "நான்தான் சார். இவ கூடமாட ஒத்தாசைக்கு" என்றேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மெஷின் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். வரைந்தது முழுக்க அவள். ஒரு கோடு, ஒரே ஒரு கோடு கூட என்னுடையதில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? நூலைக் கோத்து முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பையை எடுத்தாள்.

மார்ச் 9

கூப்பிட்டேன்.

"சொல்லுங்க அண்ணி."

நல்லாயிருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. "லேப்டாப் ஆன் ஆகல" என்றேன். விளக்கு, காற்றாடி எல்லாம் சொன்னேன்.

"உள்ள யாராவது கை வெச்சாங்களா?"

"இல்லையே" என்று இவரைப் பார்த்தால், மனிதர் பின்கழுத்தைச் சொறிகிறார்.

"டிராயர்ல ரேம் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. கூட அதையும் மாட்டினா வேகமா ஓடுமேன்னு... போன ஞாயித்துக்கிழமை..."

ஆறு நாள்! என்னோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன்!

போனில் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். "அந்த இடது பக்க ஸ்லாட் செத்து ரொம்ப நாளாச்சு. அதனாலதான் கழட்டி வெச்சேன். அதை எடுத்துட்டு ஆன் பண்ணச் சொல்லுங்க."

எடுத்தார். பொத்தானை அழுத்தினேன். திரை வெளிச்சமானது. "வந்துருச்சு!" என்று கத்தியேவிட்டேன்.

"சரி அண்ணி, வெச்சிடறேன்."

"இரு, இரு. அன்னிக்கு நான் பேசினது தப்பு. வரைஞ்சது நீ."

"தெரியும் அண்ணி." வைத்துவிட்டாள்.

எது தெரியும்? தப்பு என்பதா, வரைந்தது தான் என்பதா?

மார்ச் 15

நூற்று அறுபதும் கொடுத்தாயிற்று. தோள்பட்டை கழன்று விழுகிறது. இவரோடு நேற்றிலிருந்துதான் பேசுகிறேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "அந்தப் பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும்? நான் இப்ப வீட்லயே புதுசுல வரையறேன். ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா சொல்லித் தர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அங்க வேலைக்கு நான் வர மாட்டேன் அண்ணி" என்றாள்.

சரி என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் மேஜை, நாற்காலியில் அவள், பக்கத்தில் ஸ்டூலில் நான். ஒரு இலை வரையச் சொன்னாள். மூன்று தடவை கோணலாக வந்தது. நாலாவதும் கோணல்; அவள் சொல்வதற்குள் நானே திருத்தப் போனேன்.

"கையை எடுங்க அண்ணி" என்றாள்.

எடுத்தேன்.