எலிக்குக் கேட்ட மாத்திரை

அனுப்புநர்:
கழுவுப் பிரிவுத் தொழிலாளி ஒருவரின் மனைவி,
கல்லூரி நூலக உதவியாளர்,
தொழிற்சாலைக்குப் பின்தெரு.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பதிலாகத் துத்தநாக மாத்திரை வழங்கப்படுவது – நேரில் ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஒன்பது ஆண்டுகளாக இயந்திர உதிரிபாகங்களைக் கரைப்பான் தொட்டியில் முக்கி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிறார். அதன் ஆவி கல்லீரலைக் கெடுக்கும் என்று அது வரும் பீப்பாயிலேயே அச்சிட்டிருக்கிறது. பீப்பாய் மீது எனக்குப் புகார் இல்லை.

2. தொட்டிக்கு மேலிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் ஏழு மாதங்களுக்கு முன் நின்றுபோனது. அதைப் பழுது பார்ப்பதற்குப் பதில், பாதுகாப்பு அதிகாரி தினமும் ஆளுக்கொரு துத்தநாக மாத்திரை கொடுக்கிறார். துத்தநாகம் என்ற இந்த உலோகத்தின் கூட்டுப்பொருள் ஒன்று ரசாயனத்திலிருந்து எலிகளின் கல்லீரலைக் காத்ததாகக் கூறும் ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கம், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டப்பட்டுள்ளது. பதிவேட்டில் ‘முகக்கவசம்’ என்ற கட்டத்தில் ‘மாத்திரை – 1’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டும் வாய் சம்பந்தப்பட்டவை என்பதால் இருக்கலாம்.

3. சென்ற மாதம் என் கணவருக்குக் கண் மஞ்சளித்தது. சாப்பாடு இறங்கவில்லை. நேரில் சென்று முறையிட்டேன். அதிகாரி மரியாதையாகவே பதில் சொன்னார்: “எலிக்கே கேக்குதும்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கேக்காதா? ஒழுங்கா முழுங்கறாரான்னு பாருங்க.” விடுப்பு எடுக்கச் சொன்னால் என் கணவர் மறுக்கிறார். அவர் தம்பி அங்கேயே பொட்டலப் பிரிவில் வேலை செய்கிறார். “நான் நின்னா நாளைக்கே அவனைத் தொட்டிக்கு அனுப்பிடுவாங்க” என்கிறார்.

4. கட்டுரையின் மீதி ஆறு பக்கங்களை எங்கள் நூலகத்தில் தேடி எடுத்தேன்; நகல் இணைத்துள்ளேன். எலிகளுக்கு ரசாயனம் ஒரே ஒரு முறைதான் தரப்பட்டது. சேதம் குறைந்தது என்றுதான் உள்ளது, நின்றது என்று இல்லை. மனிதர்களிடம் இன்னும் சோதிக்கவில்லை என்பதும், அளவு மீறினால் அந்த உலோகமே கெடுதல் என்பதும் ஐந்தாம் பக்கத்தில் உள்ளன. ஆராய்ச்சியாளர்கள் ஏழு பக்கமும் எழுதித்தான் இருக்கிறார்கள். சுவரில் ஒன்றுக்குத்தான் இடம் கிடைத்தது.

5. ஆகவே, ஃபேன் ஓடும்வரை தொட்டி வேலையை நிறுத்தவும், அப்பிரிவினர் அனைவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யவும் உத்தரவிட வேண்டுகிறேன். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், சோதனை முடிந்தபின் எலிகளின் கல்லீரலை வெளியே எடுத்து எடை போட்டுப் பார்த்ததாக உள்ளது. தாங்கள் அதற்கு முன்பே வந்து பார்க்க வேண்டும்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)

இடம்: மேற்படி பின்தெரு
நாள்: 14ஆம் தேதி, புதன்கிழமை